அண்ணன் தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை

அண்ணன் இல்லாமல் ஒரு வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இன்று அவருக்குத் திதி கொடுத்து முடித்து, நீங்கள் இலையில் உட்காரும் முன் இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்கிறோம். சாப்பிட்டுவிட்டுப் புரட்டலாம் என்று பைக்குள் திணித்துவிடாதீர்கள். நம் குடும்பத்தில் அண்ணனைப் பற்றி ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு கதை ஓடுகிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து வேலையைக் கெடுத்துக்கொண்டவர் என்ற கதை. அது பொய். பொய் என்று தெரிந்தும் நான் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

முறைப்படி சொல்ல வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பிறந்தது நாங்குநேரிக்குப் பக்கத்தில். அப்பா தாராவியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்ததால் எட்டாவது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பம்பாய் வந்து இறங்கினார். நான் தாராவியிலேயே பிறந்தவள். அண்ணன் மாட்டுங்காவில் படித்து மெட்ரிக் தேறிய வருஷமே அப்பா தவறிப்போனார். கடை கைமாறியது. அண்ணன் சாலை வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில், மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். தற்காலிக வேலைதான். அது எப்போது நிரந்தரமாகும் என்பதே எங்கள் வீட்டில் அம்மா சாமியிடம் வைக்கும் ஒரே கோரிக்கையாக இருந்தது.

அண்ணனுக்கு அவசரம் என்பதே தெரியாது. அவரோடு கிங்ஸ் சர்க்கிளுக்குக் காய் வாங்கப் போனால் எனக்கு உயிர் போய்விடும். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். கடைக்காரர் முறைத்தால் சிரிப்பார். வீட்டை விட்டுக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பி வந்து ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட மனிதர் மறந்துவிட்டார் என்று நீங்களெல்லாம் எப்படித்தான் நம்பினீர்களோ!

அவருடைய வேலை என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாலை போடும் முன் அந்த இடத்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். மண்ணைச் சலித்து, அளவாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, இரும்பு அச்சுக்குள் போட்டு, எண்ணி எண்ணி இடித்து இறுக்குவார்கள். அந்த அச்சு ஒரு பெரிய மரக்கால் அளவுக்கு இருக்கும். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மேலே வட்ட எடைகளை வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் முழுக இறக்கி நாலு நாள் ஊறவைப்பார்கள். பிறகு வெளியே எடுத்து, ஓர் இரும்புத் தண்டை அந்த மண்ணில் மெதுவாக அழுத்தி, எவ்வளவு பலம் கொடுத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் மண் கெட்டி, மேலே போடும் ஜல்லி கொஞ்சமாக இருந்தாலே போதும். எண் சிறிதாக இருந்தால் ஜல்லியைக் கனமாகப் போட வேண்டும். அறுபதுகளில் அண்ணனின் பொழுதெல்லாம் இந்த எண்ணோடுதான் போயிற்று.

அப்போது செம்பூரிலிருந்து தேவ்நார் பக்கம் கனரக லாரிகள் போக ஒரு புதுச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கழிமுகத்துச் சேற்றை ஒட்டிய பூமி. மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு அதைப் பரிசோதனைக் கூடமாக்கியிருந்தார்கள். அதை ஒட்டி ஓர் அறை. தொட்டியைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால் அந்த அறையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் தாராவியின் நெரிசலை விட்டு அங்கே குடிபோனோம். தனிக் குழாய் இருந்தது. அம்மாவுக்கு அது அரண்மனை.

மே மாதத்து ஒரு வியாழக்கிழமை அண்ணன் அந்தச் சாலையின் மண்ணை அச்சில் இடித்துத் தொட்டிக்குள் இறக்கினார். மறுநாள் காலையில் வேறொரு வேலைக்கு மண் எடுத்துவர பன்வேல் பக்கம் போக உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமைதான் திரும்ப முடியும். கொட்டகைச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் விதி. ஆனால் அதற்காக ஊருக்குள் போய்வந்தால் பன்வேல் லாரி போய்விடும். சாவியை என் கையில் கொடுத்தார்.

"தாயி, தண்ணி அச்சுக்கு மேல நாலு விரக்கடை நிக்கணும். குறைஞ்சா ஊத்து. காலையில ஒரு தடவ இந்த முள்ளு எங்க நிக்குன்னு பாத்துக் காயிதத்துல எழுதி வையி. வேற ஒண்ணும் தொடாத."

அது மண் எவ்வளவு வீங்குகிறது என்று காட்டும் முள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இதெல்லாம் ஒரு வேலையா என்று தலையை ஆட்டினேன்.

அண்ணன் போன அன்றைக்கே, வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊரிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்து இறங்கியது. பெரியப்பா, பெரியம்மா, இரண்டு அக்காமார், அவர்களுடைய குழந்தைகள். வருகிறோம் என்று போட்ட கடிதம் அவர்கள் வந்து மூன்று நாள் கழித்து வந்தது. இரண்டு நாள் ரயில் பயணம். கரி எஞ்சின் புகையில் ஆளுக்கு ஆள் மீசை வரைந்ததுபோல் இருந்தார்கள். அன்று காலையிலிருந்தே குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம்.

"குளிக்காம எனக்குப் பச்சத்தண்ணி இறங்காது, பாத்துக்க" என்று பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கைம்பெண்ணாகப் பட்டணத்தில் கஷ்டப்படுகிறாள், வந்தவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று ஊர் முழுக்கப் போய்விடுமே என்ற பயம். எனக்கு அது பொறுக்கவில்லை. இடுப்பில் சாவி இருந்தது. கொட்டகைத் தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மண்ணைக் குளிப்பாட்ட வைத்திருக்கும் தண்ணீரை மனுஷர்களுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன். வாளி வாளியாக இறைத்தேன். அச்சு அடிவரைக்கும் வெளியே தெரிந்தது. சாயங்காலம் குழாய் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் குழாய் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. குடிப்பதற்கு அரை மைல் நடந்து ஒரு குடம் கொண்டுவருவதே பாடாக இருந்தது. மே மாத வெயிலில் அந்தத் தகரக் கொட்டகை இட்லிக் கொப்பரை மாதிரி கொதித்தது. நான் காலையில் போய் முள்ளை மட்டும் பார்த்து எழுதினேன். அது அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழாய் வந்தது. முதல் வேலையாகத் தொட்டியை நிரப்பினேன். நாலு விரல் வைத்து அளந்தும் பார்த்தேன். சரியாக இருந்தது. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்த அண்ணன் நான் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "வீங்கவே இல்லயே! நெனச்சதவிட நல்ல மண்ணுதான்" என்றார். அன்று மத்தியானமே சோதனை செய்தார். பதினொன்று என்று வந்தது. அந்தப் பூமிக்கு அது பெரிய எண். அறிக்கை போயிற்று. பாட்கர் சாஹேப் என்று மராட்டிக்கார எஞ்சினியர் ஒருவர் அண்ணனுக்கு மேல் அதிகாரி. ஜல்லி கனத்தைக் குறைத்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அவருக்கு ஏக மகிழ்ச்சி. இந்தச் சாலை முடிந்ததும் அண்ணனை நிரந்தரமாக்க எழுதிவிடுவதாகச் சொன்னாராம். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பெரியப்பா கேட்டார்.

"எய்யா, மண்ணப் போயி எதுக்கு ஊறப்போடுத? அது என்ன உளுந்தா?"

அண்ணன் சிரித்தார். "மழைக்காலத்துல ரோட்டுக்குக் கீழ உள்ள மண்ணு ஊறிரும்லா பெரியப்பா? அப்பதான் அதோட நெசமான பலம் தெரியும். ஊறாத மண்ணு பொய் சொல்லும். அத நம்பி ரோடு போட்டா மொத மழையிலயே லாரி அச்சு முங்கிரும். கவுந்தாலும் கவுந்துரும்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து போய்க் கை கழுவினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணனின் வேலை போய்விடும், அறை போய்விடும், பாயசம் வைத்த அம்மா என்ன ஆவார் என்று பாயில் படுத்து மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

புதன்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

"என்னைக்கு எடுத்த?"

"நீங்க போன அன்னைக்கு மத்தியானம்."

"எப்ப ஊத்துன?"

"ஞாயித்துக்கிழம சாயங்காலம்."

விரலை மடக்கி எண்ணினார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, இன்னொரு தடவ ஊறப்போட்டுப் பாருங்களேன். அதே பதினொண்ணுதான் வந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்லா? நாலே நாளுதானே?" என்று கெஞ்சினேன்.

"நாலு நாளுல அங்க ஜல்லி பரப்பி ரோலரு ஓடிரும். பொறவு சொல்லி என்னத்துக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வாசலை மறித்து நின்றேன். நானும் வருகிறேன், நான்தான் செய்தேன் என்று சாஹேபிடம் சொல்கிறேன் என்றேன்.

"சாவியக் குடுத்தது நான். ஒம்பேரு ஆபீசுக் காயிதத்துல வரக்கூடாது. நான் இருக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாது, கேட்டியா?" என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் பாட்கர் சாஹேப் ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டகைக்குள் அவர் போட்ட சத்தம் எங்கள் அறைச் சுவரில் கேட்டது. தண்ணீர் ஏன் இல்லை, யார் கையில் சாவி இருந்தது, யார் உள்ளே போனது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணன் ஒரே பதிலைச் சொன்னார்.

"பானி டால்னா பூல் கயா, சாஹேப்."

தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். பன்வேல் போகும் முன் தொட்டியை நிரப்பாமல் போய்விட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை வீட்டார் கண்டு நிரப்பியது இன்றுதான் தனக்குத் தெரிந்ததாகவும் ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னார். பொய் பேசிப் பழக்கமில்லாத மனிதர். பெரியப்பா எங்கள் அறையிலேயே உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாலை வேலை நின்றது. சாஹேபே கூட நின்று அதே இடத்தில் புதிதாக மண் எடுத்து, வேறோர் உதவியாளரை வைத்து இடிக்கச் சொல்லி, வியாழக்கிழமை மத்தியானம் தொட்டியில் இறக்கினார். கொட்டகைப் பூட்டின்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் சாவியைக் கொடுத்தார். தன் பரிசோதனைக் கூடத்துக்குள் அவரே போகக்கூடாது. தினமும் காலையில் அந்த உதவியாளர் வருவார், காகிதத்தைக் கிழித்து உள்ளே போய் முள்ளைப் பார்ப்பார், புதுக் காகிதம் ஒட்டிவிட்டுப் போவார். முள் எங்கே நிற்கிறது என்று அண்ணன் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த நாலு நாளை எப்படிச் சொல்வது? வெளியே ரோலர் சும்மா நின்றது. கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் எங்கள் வாசலுக்கு வந்து, மழை வந்துவிட்டால் நஷ்டத்தை யார் கொடுப்பார், உன் அப்பனா என்று ஹிந்தியில் கத்திவிட்டுப் போவார். வானத்தில் அவர் சொன்னபடியே மேகம் திரண்டது. உள்ளே ஒரே அறையில் ஒன்பது பேர். அம்மா பேசுவதையே விட்டுவிட்டார். பெரியப்பாவால் மட்டும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்தத் துப்பில்லாம போச்சே! எங்க தம்பி இருந்திருந்தா நாண்டுக்கிட்டு நின்னிருப்பான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரியப்பா, அன்னைக்கு நீங்க குளிச்சது..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"தாயி, மோரு இருந்தா கொண்டா" என்றார் அண்ணன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து போய்விட்டேன். மோர் இல்லை. அடுப்படியில் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பூட்டைத் திறந்தார்கள். சாஹேப், அந்த உதவியாளர், கான்ட்ராக்டரின் ஆள். அண்ணனை உள்ளே வரச் சொன்னார்கள், ஆனால் எதையும் தொடக்கூடாது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் வெளியே கம்பிவலை ஜன்னலில் நின்றேன். அச்சை எடுத்துச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார்கள். கால் மணி நேரம் அப்படியே வைத்தார்கள். பிறகு இயந்திரத்தில் ஏற்றிக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்கள்.

எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் பதினொன்று வந்தால், நான் செய்ததால் ஒன்றும் கெடவில்லை. ஆனால் அண்ணன் ஒன்றுமில்லாததற்கு வேலையை நிறுத்திய பைத்தியக்காரர் ஆகிவிடுவார். எண் குறைந்தால் சாலை பிழைக்கும், அண்ணன் குற்றவாளி ஆவார். பிள்ளையாரை நினைத்தேன், கேட்க வாய் வரவில்லை. கைப்பிடி சீராகச் சுற்றியது. உதவியாளர் முள்ளைப் பார்த்துப் படிக்கப் படிக்க, சாஹேப் எழுதினார். தண்டு மண்ணுக்குள் இறங்குவது ஜன்னலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. சாஹேப் கணக்குப் போட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார்" என்றார். மராட்டியில் நாலு.

கான்ட்ராக்டரின் ஆள் வெளியே போய் பீடி பற்றவைத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பயமா நிம்மதியா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது சொல்வேன்.

ஜல்லியைக் கனமாகப் போட்டார்கள். மழை இறங்குவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தார்கள். ஆடி முழுக்கக் கொட்டிய மழையில் லாரிகள் அந்தச் சாலையில் போய்க்கொண்டுதான் இருந்தன. சாஹேப் அண்ணனை வேலையை விட்டு எடுக்கவில்லை. தானாக வந்து சொன்னதால் விடுகிறேன் என்றார். ஆனால் கவனக்குறைவு என்று காகிதத்தில் எழுதினார். அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் தாராவிக்கே திரும்பினோம். அண்ணனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் நிரந்தரமானார்கள். அவருக்கு அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை.

பெரியப்பா ஊருக்குப் போய்க் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் யாரும் அண்ணனை விடவில்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு எங்கே போனாலும் "என்ன, தண்ணி ஊத்தியாச்சா?" என்பதுதான் விசாரிப்பு. அவர் மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கச் செம்பைக் கையில் எடுத்தபோது, "ஊத்த மறந்துராதீரும்!" என்று ஒருவர் குரல் கொடுக்க மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நான் சமையல்கட்டுப் பக்கம் போய் அழுதேன். குரல் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவரும் அன்று செம்பூரில் அந்தத் தொட்டித் தண்ணீரில் குளித்த குழந்தைகளில் ஒருவர்.

பிறகு அண்ணன் முப்பது வருஷம் அதே வேலையைப் பார்த்து மரியாதையாக ஓய்வு பெற்றார். செம்பூரில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். என் பிள்ளைகளையும்தான். கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, "இப்பமாவது சொல்லட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "நான் போன பொறவு என்னமும் செய்யி" என்றார். அதைத்தான் செய்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தங்கள் தகப்பனார்போல் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், முறை வைத்து வந்து உட்கார்ந்த அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், நாங்குநேரியிலிருந்து பதினாறாம் நாளுக்கு ரயிலேறி வந்தவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்துத் தள்ளாத வயதில் கோல் ஊன்றி வந்த அந்த இரண்டு மராட்டி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசியாக, மதினிக்கு.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மதினியிடம் படித்துக் காட்டினேன். கணவர் இத்தனை வருஷம் சுமந்த கெட்ட பெயர் என்னால் வந்தது என்று தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா என்ற பயத்தோடுதான் படித்தேன். படித்து முடித்துவிட்டு நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். மதினி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எத்தன வாளின்னு எழுதலையே நீ. பதினெட்டு. தொட்டிய அளந்து பாத்து அவுகதான் எங்கிட்ட சொன்னாக, எங்க கல்யாணத்துக்கு மறுவாரம். ஒங்கிட்ட கேக்கக்கூடாதுன்னுட்டாக."

அண்ணனைப் பார்த்து நீங்கள் சிரித்தபோதெல்லாம் மதினியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவரை எப்படிக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதையை நிறுத்த வேண்டாம், உங்களால் முடியவும் முடியாது. இனிமேல் சொல்லும்போது என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அண்ணனின் தங்கை
செம்பூர்